பானைக்குள் பேஸ் கிட்டார்

தமிழ்நாட்டில் உனக்குத் தெரிந்த முதல் ராக் குழு எது என்று யாராவது கேட்டால், சந்துருவும் தீபக்கும் நடத்திய குழுதான் என்று இன்றைக்கும் சட்டென்று சொல்லிவிடுவேன். அப்படி ஒரு குழு எந்த ஊரிலும் இருந்ததில்லை, கே. பாலசந்தர் 1979 ஏப்ரலில் வெளியிட்ட ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்துக்குள் மட்டும் இருந்தது, சந்துரு என்பவர் கமல்ஹாசன், தீபக் என்பவர் ரஜினிகாந்த், மேடையில் கமல் வாயசைக்க உண்மையில் பாடியவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் என்பதெல்லாம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாத சங்கதி அல்ல. தெரிந்தும் நாங்கள் சட்டை செய்யவில்லை. மேல்நாட்டில் நாலு பேர் சேர்ந்து ஒரு குழு வைப்பார்கள், அந்தக் குழு ஒரு பாட்டைத் தனி இசைத்தட்டாக வெளியிடும், அது ஊரெல்லாம் ஓடும். நமக்கு அந்த வேலைக்கெல்லாம் சினிமாவே போதுமாக இருந்தது. குழு வேண்டுமா, சினிமாவுக்குள் இருக்கிறது. சிங்கப்பூர் வேண்டுமா, அதுவும் அதற்குள்ளேயே இருக்கிறது. ராக் குழு ஃபங்க் வாசிக்க வேண்டுமா, ‘எங்கேயும் எப்போதும்’ என்று அதற்கும் ஒரு பாட்டு வைத்திருந்தார்கள்.

ஃபங்க் என்கிற பெயரெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சூலூர்ப் பக்கத்தில் பஞ்சாலைச் சங்கு ஊதுவதை வைத்து நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பையனுக்கு, அந்தப் பாட்டைக் கேட்டால் முழங்கால் தானாக ஆடுகிறது என்பது மட்டும் தெரியும். படம் பார்த்துவிட்டு வந்த வாரத்தில் தையல்காரரிடம் போய், கமல் மாதிரி கால்சட்டை வேண்டும், கீழே அகலமாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, “ஏங்கண்ணு, இந்தக் கீழ் அகலத்துல உங்கம்மாவுக்கு ஒரு ஜாக்கெட்டே தெச்சரலாமே” என்றார். ஆனாலும் தைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டினால் செயினுக்குள் மாட்டிக்கொள்ளும் என்பதால் இரண்டு காலிலும் துணி உலர்த்தும் கிளிப்பு மாட்டிக்கொண்டு போவேன். சிங்கப்பூர் மேடையில் அந்தக் கிளிப்பு ஏன் தேவைப்படவில்லை என்று அப்போது எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடிப்பதாக ரஜினி ஒரு பெரியவரோடு பந்தயம் கட்டுவாரே, ஜெயித்தால் கார், தோற்றால் விரல் என்று, அந்தப் பந்தயத்தை நாங்கள் பெட்டிக்கடைச் சிகரெட் மிட்டாயை வைத்து நடத்தினோம். கீழே விழுந்ததையும் ஊதித் துடைத்துத் தின்றோம். விரலுக்கு ஒரு சேதமும் இல்லை.

பாட்டு எங்களுக்கு வந்து சேர்ந்த வழியைச் சொன்னால்தான் இனிமேல் சொல்லப்போவது புரியும். மைக் செட்டு வழியாக வந்தது. சீர், கல்யாணம், நோம்பி, கட்சிக் கூட்டம் எதுவானாலும் மைக் செட்டுக்காரர் முதல் நாளே வந்து, வேப்ப மரத்தின் உச்சியில் ஒரு குழாயும் எதிர்த்த பனை மரத்தில் இன்னொரு குழாயும் கட்டிவிட்டுப் போவார். அந்தக் குழாய், மனிதக் குரலை மூன்று காட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்றே பிறந்தது. குரலும் நாதஸ்வரமும் அதில் ஏறினால் ஊரைத் தாண்டிப் போகும். ஆனால் தாழ்ந்த ஒலிகள் அதற்குள் நுழையவே நுழையாது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு 41 தடவை அதிர்கிறது. குழாய்க்கோ ஏறத்தாழ 300 அதிர்வுக்குக் கீழே உள்ளதெல்லாம் இல்லாத விஷயம். அதாவது ஃபங்க் என்கிற சங்கதியின் உயிர் எந்த இடத்தில் இருக்கிறதோ, சரியாக அந்த இடத்தை மட்டும் நறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை நோம்பிக்கு வந்த ஒறம்பரை அத்தனை பேருக்கும் பந்தி வைத்துக்கொண்டிருந்தது எங்கள் ஊர் மைக் செட்டு. வீட்டு ரேடியோவில் இலங்கை வானொலியைப் பிடித்தால் மட்டும் என்ன, உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் வருவது வரும், வராதது வராது.

‘நினைத்தாலே இனிக்கும்’ வருவதற்கு முந்தைய டிசம்பரில் இளையராஜாவின் ‘ப்ரியா’ பாட்டுகள் ஸ்டீரியோவில் வந்திருக்கின்றன என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. இரண்டு பக்கமும் வேறு வேறு சத்தம் வருமாம் என்றார்கள். மைக் செட்டுக்காரர் அதையும் விடவில்லை. ஒரு குழாயைக் கோயிலைப் பார்த்தும் இன்னொன்றைப் பக்கத்து ஊரைப் பார்த்தும் திருப்பி வைத்து, “இப்பக் கேளுங்க, இதுதான் ஸ்டீரியோ” என்றார். அவருடைய ஆம்ப்ளிஃபையரில் இருந்ததோ ஒரே வழி. இரண்டு குழாயிலும் ஒரே பாட்டுத்தான் வந்தது. நாங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில் பருத்திக் காட்டில் நின்று, வித்தியாசம் தெரிகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

இந்த இடத்தில் ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்துக்கு இசையமைத்த எம்.எஸ். விஸ்வநாதனைப் பற்றிச் சொல்லாமல் போனால் எங்கள் பக்கத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் 1928இல் பிறந்தவர், வாளையாறைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜூபிடர் பிக்சர்ஸ் கம்பெனியில் டீ வாங்கிக் கொடுக்கிற பையனாக இருந்தார், அங்கேதான் எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நின்று தொழிலைப் பிடித்தார். படத்துக்குப் பாட்டு எழுதிய கண்ணதாசனும் முதல் சினிமாப் பாட்டை எழுதியது அதே ஜூபிடருக்குத்தான், ‘கன்னியின் காதலி’ என்ற 1949ஆம் வருஷத்துப் படம். ஆகச் சிங்கப்பூர் மேடையில் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு ஆடிய அந்தப் பாட்டின் பூர்வீகத்தைத் தோண்டினால், திருச்சி ரோட்டில் எங்கள் டவுன் பஸ் தினமும் புழுதி கிளப்பிக்கொண்டு போன இடத்தில் போய் நிற்கும். இது தெரியாமல் நாங்கள் சிங்கப்பூரை நினைத்து ஏங்கிக்கொண்டு அந்த வழியாகவே பள்ளிக்கூடம் போய்வந்தோம்.

1979இல் எம்.எஸ்.வி.க்கு ஐம்பது வயது. ‘அன்னக்கிளி’ வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதை எடுத்ததும் எங்கள் மலையடிவாரத்துத் தெங்குமரஹாடாவில்தான். டீக்கடை பெஞ்சில் எல்லாரும் இளையராஜாவைப் பற்றித்தான் பேசினார்கள், எம்.எஸ்.வி. காலம் முடிந்துவிட்டது என்று மில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள்கூடத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த நேரத்தில் இந்த மனிதர் ஆர்மோனியத்தை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, ட்ரம்ஸையும் பேஸ் கிட்டாரையும் முன்னால் நிறுத்தி, வேட்டியும் விபூதியுமாக ஒரு ராக் குழுவையே நடத்திக் காட்டினார். போதாததற்கு ‘சம்போ சிவசம்போ’வைத் தானே பாடி, அதற்கு ரஜினியை வாயசைக்கவும் வைத்தார். ஐம்பது வயதில் இப்படிக் குதிக்கிறாரே என்று பதினாறு வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அந்த வயதைத் தாண்டிய பிறகு வேடிக்கை போய்விட்டது, கொஞ்சம் பொறாமை வந்துவிட்டது.

அந்த வருஷத்து மாரியம்மன் நோம்பியில் ஒரு ராத்திரி. கம்பத்தைச் சுற்றி ஆடுகிறவர்கள் ஒரு சுற்று ஆடி முடித்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஜமாப் அடிக்க வந்தவர்கள் தோலைத் தீயில் காட்டிச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் மைக் செட்டுக்காரர் ‘எங்கேயும் எப்போதும்’ இசைத்தட்டை வைத்தார். குழாயில் கீச்சென்று பாட்டு இறங்கியது. எங்கள் கூட்டம் கிளிப்பைக் கழற்றிவிட்டு ஆடக் கிளம்பியது. ஜமாப்காரர்களில் மூத்தவர் ஒருவர் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு ஏதோ விட்டுப்போனதை எடுத்து வைக்கிறவர் போல, முதல் அடிக்கு ஒரு பெரிய தட்டும், அப்புறம் இரண்டு சின்னத் தட்டும், கொஞ்சம் சும்மா இருப்பதுமாகப் பாட்டுக்குக் கீழே புகுந்து அடிக்க ஆரம்பித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அதுவரைக்கும் காதில் மட்டும் இருந்த பாட்டு வயிற்றுக்குள் இறங்கியது. ஜேம்ஸ் பிரௌன் அமெரிக்காவில் தன் ஆட்களிடம் முதல் அடியை விடாதே, முதல் அடியை விடாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்ததுதான் ஃபங்க் என்று பிற்பாடு படித்தபோது, எனக்கு அந்தப் பெரியவரின் கைதான் ஞாபகத்துக்கு வந்தது. பாட்டு முடிந்ததும் நான் ஓடிப் போய், “ஏனுங்க மாமா, இன்னொருக்கா போடச் சொல்லட்டுங்களா?” என்றேன். அவர், “அது பாட்டு சரீங் தம்பி, அடியில ஒண்ணுமில்லாமக் கெடக்குது” என்றார். அன்றைக்கு அதை நான் சினிமாப் பாட்டு பிடிக்காத ஒரு கிழவர் சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அடியில் என்ன இருந்தது என்று தெரிய எனக்கு ஒரு பானை வேண்டியிருந்தது. பீளமேட்டில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த எங்கள் சித்தப்பா மகன், எதையும் கடையில் வாங்காமல் தானே செய்துவிட வேண்டும் என்கிற கோயம்புத்தூர் வியாதி முற்றியவன். காந்திபுரத்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் 60 நிமிட கேசட்டைக் கொடுத்து, பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, “வெள்ளிக்கிழமை வாங்க” என்று அவர்கள் சொல்ல, வெள்ளிக்கிழமை போனால் “செவ்வாய்க்கிழமை வாங்க” என்று சொல்ல, கடைசியில் ஒரு நாள் கைக்கு வந்த கேசட்டின் ஒரு பக்கம் இங்கிலீஷ் பாட்டு, மறுபக்கம் தமிழ்ப் பாட்டு. அந்தப் பட்டியலை எழுதும் சுகத்தை இப்போது யாருக்கும் விளக்க முடியாது. ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம்தான், அதற்குள் எதை வைப்பது, எதை வெட்டுவது என்று ஒரு கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிற பட்டியல் போடுவது மாதிரி ராத்திரி முழுக்க விவாதம் நடக்கும். யாரோ ஒரு பாட்டுக்காரருக்கு மனஸ்தாபம் வந்துவிடும் என்பதுபோலப் பேசுவோம். டேப் ரிக்கார்டரின் ஸ்பீக்கரை நம்பாத அவன், பழைய ஸ்பீக்கர் ஒன்றைத் தேடிப் பிடித்து, அடுப்படியில் இருந்த தண்ணிப் பானையின் வாயில் மேலே பார்த்த மாதிரி கவிழாமல் உட்காரவைத்து, சுற்றிலும் துணியைத் திணித்து, வயரைக் கொடுத்தான். பெரியம்மா பானையைத் தேடிக்கொண்டிருந்தார்.

முதலில் இங்கிலீஷ் பக்கம். குயீன் என்கிற குழுவின் ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’. 1980 ஆகஸ்டில் தனி இசைத்தட்டாக வந்து, அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. ராக் குழு அது. ஆனால் அதில் பேஸ் வாசித்த ஜான் டீக்கன் என்கிற அமைதியான மனிதர், ஷிக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ பேஸில் சொக்கிப் போய், இந்தப் பாட்டை முழுக்கப் பேஸின் மேலேயே கட்டியிருந்தார். குழுவில் இருந்தவர்களுக்கே இதைத் தனியாக விடலாமா என்று சந்தேகமாம். கச்சேரி முடிந்து பார்க்க வந்த மைக்கேல் ஜாக்சன்தான் விடுங்கள் என்று சொன்னார் என்பார்கள். பாடியவர் ஃப்ரெடி மெர்குரி. ஃபரூக் பல்சாரா என்கிற பார்சிப் பையனாகப் பூனாவுக்கு அந்தப் பக்கம் பஞ்சகனி ஹாஸ்டலில் படித்து வளர்ந்தவர் என்பது தெரிந்திருந்தால், நாங்கள் அவரையும் நம்மவர் கணக்கில் சேர்த்திருப்போம். கொங்கு நாட்டில் தூரத்து உறவு விட்டுப் போவதில்லை.

பானை பேசியது. டும் டும் டும் என்று மூன்று அடி எடுத்துவைத்துப் பிறகு நடக்க ஆரம்பித்த அந்தப் பேஸ் திண்ணையின் சிமென்ட் வழியாக என் பாதத்துக்கு வந்தது. காதால் கேட்கிறோமா காலால் கேட்கிறோமா என்று குழம்பிப்போய் நான் எழுந்து நின்றுகொண்டேன். சித்தப்பா மகன் கேசட்டைத் திருப்பிப் போட்டான். ‘எங்கேயும் எப்போதும்’ வந்தது. இரண்டு வருஷமாக நான் ஆடிக்கொண்டிருந்த, மனப்பாடமாக இருந்த பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எஸ்.பி.பி. மேலே உற்சாகமாகப் போக, கீழே பேஸ் தன் பாட்டுக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. வாசித்தவர் யார் என்று இசைத்தட்டு உறையில் போடுகிற வழக்கமெல்லாம் அன்றைக்கு ஏது? சென்னையில் ஒரு பகல் வேலையாக வந்து வாசித்து, கவரை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போயிருப்பார். குயீனுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே நம்ம ஆள் செய்துவிட்டார் என்று நான் கத்தினேன். சித்தப்பா மகன், அதற்கும் ஒரு வருஷம் முன்னால் ரோலிங் ஸ்டோன்ஸ் ‘மிஸ் யூ’ என்று ஒன்று போட்டிருக்கிறார்கள் என்று அடக்கினான். படித்தவர்களோடு சந்தோஷப்படுவது எப்போதும் சிரமம்தான். அதற்குள் பானையின் விளிம்பில் இருந்த பழைய கீறல் அதிர்ந்து அதிர்ந்து அடிவரைக்கும் போய்விட்டது. பெரியம்மா அதைப் பார்த்துப் பேசிய பேச்சு அந்தக் கேசட்டின் இரண்டு பக்கத்திலும் இல்லாத தாளம்.

பிறகு நாங்களும் ஒரு குழு ஆரம்பித்தோம். ஒரு புல்புல்தாரா, ஒரு பாங்கோ, தேவாலயத்துப் பாடகர் குழுவில் இருந்த ஒரு நண்பன் ஞாயிறு தவிர மற்ற நாளில் கொண்டுவரும் கிட்டார். பேஸுக்கு ஆளும் இல்லை, கருவியும் இல்லை. பானையை மறுபடி கேட்கிற தைரியமும் இல்லை. பெயர் வைப்பதிலேயே பெரும்பகுதிக் காலம் போயிற்று. அந்தப் பெயரை இப்போது சொன்னால் என் பேரப்பிள்ளைகள் என்னை மதிக்க மாட்டார்கள். ஒரு காதுகுத்துச் சீரில் வாசித்தோம். சாப்பாடு நன்றாக இருந்தது.

இப்போதெல்லாம் என் சட்டைப்பைக்குள் உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வா, செவ்வாய்க்கிழமை வா என்று சொல்ல ஆள் இல்லை. இதே கோயம்புத்தூரிலிருந்து கிளம்பிய ஹிப்ஹாப் தமிழா ஆதி, சினிமாவுக்குப் போகும் முன்பே தனிப்பாட்டு போட்டு, தமிழ்ப் பாட்டு ஊருக்குத் தெரிய ஒரு படம் தேவையில்லை என்று காட்டினார். அந்த அளவில் நாங்கள் ஏங்கியது நடந்துவிட்டது. நல்ல ஹெட்போன் ஒன்றை மகன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அதை மாட்டிக்கொண்டு ‘எங்கேயும் எப்போதும்’ கேட்டால் பேஸின் ஒவ்வொரு விரலும் தெரிகிறது, கம்பியில் நகம் உரசுவதுகூடத் தெரிகிறது. கம்பத்தைச் சுற்றி ஊரே ஆடியபோது கிடைக்காத அடி, இப்போது நான் ஒருத்தன் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறபோது முழுசாகக் கிடைக்கிறது. வீட்டுக்காரி எதிரில் வந்து ஏதோ சொல்கிறாள், உதடு அசைவது தெரிகிறது.

பஸ்ஸில் போனால் வேறு கூத்து. கல்லூரிப் பிள்ளைகள் கைப்பேசியில் பாட்டை வைத்து, எல்லாருக்கும் கேட்கட்டும் என்று தூக்கிப் பிடிக்கிறார்கள். உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் சட்டைப் பொத்தான் அகலம். அதிலும் தாழ்ந்த ஒலி நுழையாது. பனை மர உச்சியில் இருந்த குழாயை நாற்பத்தைந்து வருஷம் விஞ்ஞானம் பாடுபட்டுச் சுருக்கி உள்ளங்கையில் வைத்திருக்கிறது. இது போதாதென்று எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்களில் சீட்டுக்கு அடியில் பெட்டி பெட்டியாக வூஃபர் வைத்திருப்பவர்கள் உண்டு. அதில் பாட்டு கேட்காது, பேஸ் மட்டும் கேட்கும். பொள்ளாச்சியில் ஏறியவன் கிணத்துக்கடவில் இறங்கும்போது என்ன பாட்டு ஓடியது என்று சொல்ல முடியாது, ஆனால் மத்தியானம் சாப்பிட்டது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

போன மாசம் அன்னூருக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் சொந்தக்காரப் பிள்ளை கல்யாணம். இணைச்சீர் முடிந்து மங்கல வாழ்த்து பாட வந்தவர் வயர் இல்லாத மைக்கைச் சட்டையில் மாட்டிக்கொண்டு நின்றார். ராத்திரி வள்ளி கும்மி என்றும் அதற்கு அப்புறம் டி.ஜே. என்றும் பத்திரிகையிலேயே போட்டிருந்தார்கள். மேடைக்கு இரண்டு பக்கமும் பீரோ உயரத்துக்குச் சப் வூஃபர். சவுண்டு பார்க்கிற தம்பிக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும், காதில் கடுக்கன், ஏதோ விமானம் ஓட்டுகிற மாதிரி எதிரில் பட்டன்கள். கும்மி ஆடிய பெண்கள் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து, நான் மெதுவாகப் போய் நின்றேன்.

“தம்பி, ‘எங்கேயும் எப்போதும்’ போடுவீங்களா?”

“போட்றலாங்கய்யா. ‘பொல்லாதவன்’ ரீமிக்ஸுங்களே?”

2007இல் வந்த ரீமிக்ஸ். அவனுக்கு அதுதான் பழைய பாட்டு.

“இல்லீங் தம்பி, ஒரிஜினல். கமல் பாட்டு.”

அவன் என்னைப் பார்த்தான். வயசானவர் மனசு நோகக்கூடாது என்கிற அக்கறை அந்தப் பார்வையில் இருந்தது. கொங்கு நாட்டுப் பிள்ளைகளை அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது.

“போடறனுங்கய்யா, ஆனா எடுபடாதுங்க. அந்தக் காலத்துப் பாட்டுல பேஸே இருக்காதுங்களே.”